12 ஆயிரம் விளக்கில் ஒரு விளக்கு!

நான்கு முறை "முடியாது" என்றார்கள். ஐந்தாவது முறை வென்றார்! வேற்று உலகங்களைக் கண்டுபிடித்த "கெப்ளர்" டெலஸ்கோப்பின் கதை

ஒரு பெரிய ஊர். திருவிழா நாள். தெருவெல்லாம் மின்சார விளக்கு. மொத்தம் 12 ஆயிரம் விளக்குகள் எரிகின்றன.

பல மைல் தள்ளி, ஒரு மலைமேல் நீங்கள் நிற்கிறீர்கள். அங்கிருந்து பார்த்தால் தெரு தெரியவில்லை, வீடு தெரியவில்லை. எல்லா விளக்கும் சேர்ந்து ஒரே ஒரு வெளிச்சப் புள்ளியாகத் தெரிகிறது.

அப்போது அந்த ஊரில் யாரோ ஒருவர் ஒரே ஒரு விளக்கை மட்டும் அணைக்கிறார். மீதி 11,999 விளக்குகளும் எரிகின்றன. மலைமேல் நிற்கும் உங்களால் அதைக் கண்டுபிடிக்க முடியுமா?

"முடியாது" என்றுதான் எவரும் சொல்வார்கள்.

"முடியும்" என்று சொன்னார் ஒருவர். அவர் பெயர் வில்லியம் போரக்கி, அமெரிக்க விஞ்ஞானி.

அவர் பேசியது தெரு விளக்கைப் பற்றி அல்ல. வானத்து நட்சத்திரங்களைப் பற்றி! "ஒரு நட்சத்திரத்தின் ஒளியில் 12 ஆயிரத்தில் ஒரு பங்கு குறைந்தாலும் அதை அளந்துவிடலாம். அதைக்கொண்டு, நம் பூமியைப் போன்ற இன்னொரு உலகம் இருக்கிறதா என்று கண்டுபிடித்துவிடலாம்" என்பது அவருடைய வாதம்.

அவர் சொன்னதை உடனே யாரும் ஏற்றுக்கொள்ளவில்லை. திட்டத்தை எழுதிக் கொடுத்தார், தள்ளிவிட்டார்கள். மறுபடியும் கொடுத்தார், மறுபடியும் தள்ளினார்கள். இப்படி நான்கு முறை!

ஐந்தாவது முறை என்ன நடந்தது? அதனால் உலகம் அறிந்துகொண்டது என்ன? அதுதான் இந்தக் கதை.

சூரியனும் ஒரு நட்சத்திரமே!

இரவில் மின்னும் நட்சத்திரங்கள் நமக்குச் சிறு புள்ளிகளாகத் தெரிகின்றன. உண்மையில் ஒவ்வொன்றும் ஒரு சூரியன். நம் சூரியனைவிடப் பெரியவையும் உண்டு, சிறியவையும் உண்டு. வெகு தூரத்தில் இருப்பதால் புள்ளியாகத் தெரிகின்றன.

நம் சூரியனுக்கு ஒரு குடும்பம் இருக்கிறது. புதன், சுக்கிரன், பூமி, செவ்வாய், வியாழன், சனி, யுரேனஸ், நெப்டியூன் என்று எட்டுக் கிரகங்கள் அதைச் சுற்றி வருகின்றன.

அப்படியானால் மற்ற சூரியன்களுக்கும் கிரகங்கள் இருக்க வேண்டும் அல்லவா? அவற்றில் நம் பூமியைப் போல ஒன்றாவது இருக்காதா?

இது மனிதன் பல நூறு ஆண்டுகளாகக் கேட்டு வந்த கேள்வி. விடைதான் கிடைக்கவில்லை. ஏன்?

கிரகத்துக்குச் சொந்த ஒளி கிடையாது. தன் சூரியனிடம் ஒளி வாங்கித்தான் அது மினுக்க வேண்டும். பக்கத்திலேயே அந்தச் சூரியன் கண்ணைப் பறிக்கும்படி எரிந்துகொண்டிருக்கிறது. லாரியின் முன்விளக்கு உங்கள் முகத்துக்கு நேரே எரியும்போது, அந்த விளக்கின் ஓரத்தில் பறக்கும் கொசு உங்கள் கண்ணுக்குத் தெரியுமா? அதைப் போலத்தான் இதுவும்.

1995-ம் ஆண்டில் சுவிட்சர்லாந்து விஞ்ஞானிகள் மிஷேல் மேயர், டிடியே கேலோ ஆகிய இருவரும், சூரியனைப் போன்ற வேறொரு நட்சத்திரத்தைச் சுற்றும் முதல் கிரகத்தைக் கண்டுபிடித்தார்கள். கிரகத்தை அவர்கள் கண்ணால் பார்க்கவில்லை. கிரகம் இழுக்கும் இழுப்பினால் அந்த நட்சத்திரம் லேசாக ஆடியது. அந்த ஆட்டத்தை அளந்தார்கள். இதற்காக 2019-ம் ஆண்டில் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் அது வியாழனைப் போன்ற ராட்சதக் கிரகம். நம் பூமியைப் போன்ற சின்னக் கிரகம் நட்சத்திரத்தை அவ்வளவாக அசைக்காது. அதைப் பிடிக்க வேறு வழி வேண்டும்.

நிழல் காட்டும் வழி

அந்த வழியை நீங்களே பார்த்திருக்கலாம்.

2012-ம் ஆண்டு ஜூன் 6-ந் தேதி காலையில் சுக்கிரன், சூரியனுக்குக் குறுக்கே கடந்து சென்றது. இந்தியாவிலும் அது தெரிந்தது. கறுப்புக் கண்ணாடி வழியே பார்த்தவர்கள், சூரிய வட்டத்தின்மேல் ஒரு கறுப்புப் பொட்டு ஊர்ந்து போவதைக் கண்டார்கள். இனி அந்தக் காட்சி 2117-ம் ஆண்டில்தான்!

சுக்கிரன் அப்படிக் கடந்தபோது, சூரிய ஒளியில் ஒரு துளி மறைந்தது. நமக்கு அது தெரியவில்லை. ஆனால் நுட்பமான கருவிக்குத் தெரியும்.

தொலைவில் உள்ள நட்சத்திரத்திலும் இதுதான் நடக்கிறது. அதன் கிரகம் நமக்கும் அதற்கும் நடுவே குறுக்கே போனால், நட்சத்திரத்தின் ஒளி சற்று மங்கும். கிரகம் கடந்ததும் ஒளி பழையபடி ஆகிவிடும்.

எவ்வளவு மங்கும்?

வியாழன் அளவுள்ள கிரகம் என்றால், நூற்றில் ஒரு பங்கு. பூமி அளவுள்ள கிரகம் என்றால், 12 ஆயிரத்தில் ஒரு பங்கு! அதுதான் முதலில் சொன்ன திருவிழா விளக்குக் கணக்கு.

இன்னும் மூன்று தொல்லைகள் உண்டு.

ஒன்று: பூமி சூரியனைச் சுற்ற ஓர் ஆண்டு ஆகிறது. ஆகவே, வேற்று உலகத்தில் இருந்து பூமியைத் தேடும் ஒருவருக்கு, இந்த மங்கல் ஆண்டுக்கு ஒரே ஒரு தடவைதான் தெரியும். அதுவும் சுமார் 13 மணி நேரம். அந்த நேரத்தில் கண் அசந்தால் போயிற்று!

இரண்டு: ஒரு தடவை மங்கியதை வைத்து எதுவும் சொல்லிவிட முடியாது. ஒரே இடைவெளியில், ஒரே அளவில், மூன்று தடவையாவது மங்க வேண்டும். அப்படியானால் மூன்று ஆண்டுக்கு மேல் ஒரே நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

மூன்று: எல்லாக் கிரகமும் நமக்கு நேர் குறுக்கே போவது இல்லை. சில மேலாகப் போகும். சில கீழாகப் போகும். பூமியைப் போன்ற பாதையில் சுற்றும் கிரகங்கள் 200 இருந்தால், அவற்றில் ஒன்றுதான் குறுக்கே போகும். எனவே பத்து நட்சத்திரத்தைப் பார்த்தால் போதாது. லட்சத்துக்கு மேல் பார்க்க வேண்டும்!

நான்கு தடவை "முடியாது"!

போரக்கி 1962-ம் ஆண்டில் "நாசா" என்னும் அமெரிக்க விண்வெளி நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். கலிபோர்னியாவில் உள்ள ஏம்ஸ் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. சந்திரனுக்குப் போய்த் திரும்பும் அப்போலோ விண்கலம் காற்றில் உரசித் தீப்பிடிக்காமல் காக்கும் கவச ஆராய்ச்சியில் அவருக்குப் பங்கு உண்டு.

பிறகு அவர் மனம் வேற்று உலகங்களின் மீது போயிற்று. 1984-ம் ஆண்டில், ஆட்ரி சம்மர்ஸ் என்ற பெண்மணியுடன் சேர்ந்து ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார். "ஒளி மங்குவதை அளந்து கிரகங்களைக் கண்டுபிடிக்கலாம். பூமி அளவுள்ளவற்றைப் பிடிக்க டெலஸ்கோப்பை விண்வெளிக்கே அனுப்ப வேண்டும்" என்பது அதன் சாரம். பூமியில் இருந்து பார்த்தால் காற்று குறுக்கிடும். நட்சத்திரம் கண் சிமிட்டுவது காற்றினால்தான். அந்தச் சிமிட்டலில், ஒரு விளக்கு அணைவது எங்கே தெரியப்போகிறது?

1992-ம் ஆண்டில் அவருடைய குழு முதல் திட்டத்தைக் கொடுத்தது. "நல்ல யோசனைதான். ஆனால் இவ்வளவு நுட்பமாக ஒளியை அளக்கும் கருவி உலகத்தில் இல்லையே" என்று சொல்லித் தள்ளினார்கள்.

1994-ம் ஆண்டில் மறுபடி கொடுத்தார்கள். "செலவு அதிகம் ஆகும்" என்று பதில் வந்தது.

குழு சளைக்கவில்லை. செலவைக் குறைக்க வழி கண்டது. திட்டத்துக்கு "கெப்ளர்" என்று புதுப் பெயரும் வைத்தது. கிரகங்கள் சூரியனைச் சுற்றும் விதியைக் கண்டுபிடித்த ஜெர்மன் மேதை யோஹான்னஸ் கெப்ளரின் பெயர் அது. 1996-ம் ஆண்டில் மூன்றாம் முறை கொடுத்தார்கள். "ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான நட்சத்திரங்களைத் தானாக அளக்கும் வேலையை இதுவரை யாரும் செய்தது இல்லை. செய்து காட்டுங்கள்" என்றார்கள்.

செய்து காட்டினார் போரக்கி! கலிபோர்னியாவில் லிக் வான ஆராய்ச்சிக் கூடத்தில் ஒரு சிறிய டெலஸ்கோப்பை அமைத்தார். அது ஆயிரக்கணக்கான நட்சத்திரங்களை ஒரே சமயத்தில் அளந்தது.

1998-ம் ஆண்டில் நான்காம் முறை! "தரையில் சரி. விண்வெளியில் கலம் லேசாக ஆடுமே! அப்போதும் இவ்வளவு துல்லியமாக அளக்குமா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள்.

வேறு யாராக இருந்தாலும் மூட்டையைக் கட்டியிருப்பார்கள். போரக்கி குழுவினர் சோதனைச் சாலையில் ஒரு செயற்கை வானத்தையே உண்டாக்கினார்கள்! உலோகத் தகட்டில் நுண்ணிய துளைகள் போட்டு, பின்னால் இருந்து வெளிச்சம் பாய்ச்சினார்கள். ஒவ்வொரு துளையும் ஒரு நட்சத்திரம். சில துளைகளின் குறுக்கே மெல்லிய கம்பி வைத்தார்கள். கம்பியில் மின்சாரம் பாய்ந்தால் அது சூடாகி ஒரு மயிரிழை பருக்கும்; துளையின் ஒளி அந்த அளவுக்குக் குறையும். அதுதான் கிரகம்! விண்வெளியில் இருப்பது போலவே கருவியை ஆட்டி அசைத்துச் சோதித்தார்கள்.

கருவி, அந்தச் சிறு மங்கலையும் பிடித்துவிட்டது!

இனிச் சொல்வதற்கு என்ன இருக்கிறது? 2001-ம் ஆண்டு டிசம்பரில், ஐந்தாவது முறை, "சரி" என்ற பதில் வந்தது. கட்டுரை எழுதி 17 ஆண்டுகள் கடந்துவிட்டன!

கண் கொட்டாத காவல்

2009-ம் ஆண்டு மார்ச் 6-ந் தேதி இரவு. அமெரிக்காவில் கேப் கனாவெரல் ராக்கெட் தளத்தில் இருந்து "டெல்டா-2" ராக்கெட் சீறிக் கிளம்பியது. அதன் தலையில் "கெப்ளர்" இருந்தது. எடை ஆயிரம் கிலோவுக்கு மேல். உயரம் 15 அடிக்கு மேல்.

அது பூமியைச் சுற்றவில்லை. பூமியைச் சுற்றினால், பூமியே அடிக்கடி குறுக்கே வந்து மறைத்துவிடும். எனவே பூமிக்குப் பின்னால், சூரியனைச் சுற்றும் பாதையில் விட்டார்கள். சூரியனை ஒரு தடவை சுற்ற அதற்கு 372 நாளுக்குச் சற்று மேல் ஆகும். பூமியைவிட ஒரு வாரம் தாமதம். அதனால் ஆண்டுதோறும் அது கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்கும்.

கெப்ளர் வானம் முழுவதையும் பார்க்கவில்லை. கையை நீட்டி உள்ளங்கையை விரித்துப் பிடியுங்கள். அது மறைக்கும் அளவு வானம்தான் கெப்ளரின் வயல். அன்ன நட்சத்திரக் கூட்டத்துக்கும் யாழ் நட்சத்திரக் கூட்டத்துக்கும் நடுவே உள்ள இடம் அது. ஏன் அந்த இடம்? அங்கே நட்சத்திரங்கள் நெருக்கமாக உள்ளன. ஆண்டில் எந்த நாளிலும் சூரியன் அந்தப் பக்கம் குறுக்கிடுவதும் இல்லை.

அந்த ஓர் இடத்தில் சுமார் ஒன்றரை லட்சம் நட்சத்திரங்களைத் தேர்ந்து எடுத்தார்கள். அரை மணிக்கு ஒரு தடவை ஒவ்வொன்றின் ஒளி அளவும் கணக்கில் ஏறியது. பகல் இல்லை, இரவு இல்லை. மழை இல்லை, மேகம் இல்லை. கண் கொட்டாத காவல்!

இதில் ஒரு வேடிக்கை. கெப்ளரின் காமிரா, நட்சத்திரங்களைத் தெளிவாகப் படம் பிடிக்கவில்லை. வேண்டும் என்றே சற்றுக் கலங்கலாகப் பிடித்தது! ஒளி ஒரே புள்ளியில் விழாமல் சற்றுப் பரவி விழுந்தால்தான் அதன் அளவை நுட்பமாக எடுக்க முடியும். அழகான படம் அதற்குத் தேவை இல்லை. சரியான கணக்குத்தான் தேவை.

வரிசையாக வந்த அதிசயங்கள்

ஓர் ஆண்டு முடிவதற்குள் செய்தி வந்துவிட்டது. 2010-ம் ஆண்டு ஜனவரியில், ஐந்து புதிய கிரகங்களை அறிவித்தார்கள். பிறகு அதிசயத்துக்கு மேல் அதிசயம்!

2011-ம் ஆண்டு ஜனவரியில் "கெப்ளர்-10பி" அறிவிக்கப்பட்டது. அது பாறையால் ஆன கிரகம். பூமியைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு அகலம். ஆனால் அங்கே ஓர் "ஆண்டு" என்பது நமக்கு 20 மணி நேரம்தான்! தன் சூரியனை ஒட்டிச் சுற்றுவதால் அது உலைக்களமாகக் கொதிக்கிறது.

அதே ஆண்டு செப்டம்பரில் "கெப்ளர்-16பி". அதற்கு இரண்டு சூரியன்கள்! அங்கே மாலை வேளையில் ஒரு சூரியன் மறைந்த பிறகு, இன்னொரு சூரியன் மறையும். இத்தகைய உலகத்தைச் சினிமாவில் கற்பனையாகக் காட்டியிருந்தார்கள். அது உண்மையாயிற்று.

2014-ம் ஆண்டு ஏப்ரலில் "கெப்ளர்-186எப்". இதுதான் விஞ்ஞானிகளைத் துள்ளவைத்த செய்தி. ஏறக்குறைய பூமியின் அளவே உள்ள கிரகம். தன் சூரியனுக்கு மிக அருகிலும் இல்லை. மிக தூரத்திலும் இல்லை. தண்ணீர் ஆவியாகிப் போகாமலும், உறைந்து போகாமலும் இருக்கக்கூடிய இடத்தில் அது சுற்றுகிறது. அதன் சூரியன் சிறியது, சிவந்தது. அங்கே நடுப்பகல் வெளிச்சம், நம் ஊரில் சூரியன் மறைய ஒரு மணி நேரம் இருக்கும்போது உள்ள வெளிச்சம் போல இருக்கும்!

அங்கே தண்ணீர் இருக்கிறதா? காற்று இருக்கிறதா? அதை யாரும் இன்னும் பார்க்கவில்லை. அது சுமார் 580 ஒளி ஆண்டு தூரத்தில் உள்ளது. ஒளி ஒரு வினாடிக்கு 1 லட்சத்து 86 ஆயிரம் மைல் ஓடும். அப்படி ஓர் ஆண்டு ஓடினால் வரும் தூரம்தான் ஓர் ஒளி ஆண்டு. ஆக, கெப்ளர் அளந்த ஒளி அந்த நட்சத்திரத்தை விட்டுப் புறப்பட்டபோது, அமெரிக்காவுக்குக் கடல் வழி கண்ட கொலம்பஸ் பிறக்கவே இல்லை!

தட்டிப் பார்த்தால் வயது தெரியும்!

கிரகங்களைத் தேடப் போன கெப்ளர், நட்சத்திரங்களின் அந்தரங்கத்தையும் சொல்லிவிட்டது.

சந்தையில் மண்பானை வாங்குகிறவர்கள் என்ன செய்கிறார்கள்? விரலால் தட்டிப் பார்க்கிறார்கள். ஓசையை வைத்தே, பானை நன்றாக வெந்ததா, விரிசல் விட்டதா என்று சொல்லிவிடுகிறார்கள். பானையை உடைத்துப் பார்க்க வேண்டியது இல்லை.

நட்சத்திரமும் இப்படித்தான். அதன் உள்ளே கொதிக்கும் வாயு, அதைச் சதா தட்டிக்கொண்டே இருக்கிறது. அதனால் நட்சத்திரம் முழுவதும் மணியைப் போல அதிர்கிறது. அந்த ஓசை நம் காதுக்கு எட்டாது. விண்வெளியில் ஓசை பரவ வழி இல்லை. ஆனால் அந்த அதிர்வுக்கு ஏற்ப நட்சத்திரத்தின் ஒளி மிக மிகச் சிறிதளவு கூடிக் குறைகிறது. கெப்ளர் அதை அளந்தது. அதைக்கொண்டு நட்சத்திரத்தின் அளவு, எடை, வயது எல்லாவற்றையும் விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள்.

இந்த வழியில் 2015-ம் ஆண்டில் ஒரு கிழட்டு நட்சத்திரம் அகப்பட்டது. பெயர் "கெப்ளர்-444". வயது சுமார் 1,120 கோடி ஆண்டு! நம் சூரியனுக்கு வயது சுமார் 460 கோடி ஆண்டுதான். அந்தக் கிழட்டு நட்சத்திரத்தை ஐந்து சிறு கிரகங்கள் சுற்றுகின்றன. நம் பூமி பிறப்பதற்குப் பல நூறு கோடி ஆண்டுகளுக்கு முன்பே, உலகங்கள் தோன்றிவிட்டன என்பதற்கு அது சாட்சி.

மர்ம நட்சத்திரம்

கெப்ளர் அனுப்பிய கணக்கு மலை போலக் குவிந்தது. கம்ப்யூட்டர்கள் அதைச் சலித்துப் பார்த்தன. ஆனாலும் எந்திரத்தின் பார்வைக்குத் தப்புவது மனிதக் கண்ணுக்கு அகப்படலாம் அல்லவா? ஆகவே ஒளி ஏறி இறங்கும் கோட்டுப் படங்களைப் பொதுமக்களிடமே விஞ்ஞானிகள் கொடுத்தார்கள். ஆர்வம் உள்ள எவரும் வீட்டில் இருந்தபடியே பார்க்கலாம்.

அவர்கள் ஒரு விசித்திரத்தைக் கண்டுபிடித்தார்கள்! ஒரு நட்சத்திரத்தின் ஒளி, ஒழுங்கு இல்லாமல் மங்கியது. நூற்றில் ஒரு பங்கு அல்ல. ஒரு தடவை நூற்றில் 22 பங்கு! வியாழனைப் போன்ற கிரகம்கூட ஒரு பங்குக்கு மேல் மறைக்காதே!

2015-ம் ஆண்டில் இந்தச் செய்தி வெளியானதும், "வேற்று உலகவாசிகள் ஏதோ பிரம்மாண்டமாகக் கட்டியிருக்கிறார்கள்" என்று பேச்சுக் கிளம்பியது. விஞ்ஞானிகள் தொடர்ந்து பார்த்தார்கள். 2018-ம் ஆண்டில் விடை வெளிவந்தது. மங்கும்போது சிவப்பு ஒளியைவிட நீல ஒளி அதிகமாகக் குறைந்தது. கெட்டியான பொருள் மறைத்தால் எல்லா நிறமும் ஒரே அளவில் குறைய வேண்டும். ஆகவே மறைப்பது கட்டடம் அல்ல, தூசி!

சக்கரம் நின்றது!

கெப்ளர் அசையாமல் ஒரே இடத்தைப் பார்ப்பதற்கு அதன் உள்ளே நான்கு சுழல் சக்கரங்கள் இருந்தன. மூன்று வேலை செய்தால் போதும், ஒன்று உபரி.

2012-ம் ஆண்டு ஜூலையில் ஒரு சக்கரம் நின்றது. "மூன்று இருக்கிறதே" என்று ஆறுதல் அடைந்தார்கள்.

2013-ம் ஆண்டு மே மாதம் இன்னொன்றும் நின்றது!

கோடிக்கணக்கான மைல் தூரத்தில் மெக்கானிக் போக முடியுமா? கெப்ளரால் நிலையாகப் பார்க்க முடியவில்லை. இது சாதாரண நஷ்டம் அல்ல. சூரியனைப் போன்ற நட்சத்திரங்கள், எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே ஒளியில் துடிக்கின்றன என்று கெப்ளர் கண்டிருந்தது. அந்தத் துடிப்புக்கு நடுவே பூமி அளவுள்ள கிரகத்தின் மங்கலைப் பிரித்து எடுக்க இன்னும் சில ஆண்டுகள் காவல் காக்க வேண்டும். அதற்குள் சக்கரம் நின்றுவிட்டது! நம் சூரியனைப் போன்ற நட்சத்திரத்தை, பூமியின் பாதையில் சுற்றும், பூமியின் அளவே உள்ள ஓர் அசல் இரட்டையைப் பிடித்துக் காட்ட கெப்ளருக்கு நாள் போதவில்லை.

ஆனால் என்ஜினீயர்கள் கைவிடவில்லை. அவர்களுக்கு ஒரு யோசனை தோன்றியது.

சூரிய ஒளிக்கும் ஒரு தள்ளுவிசை உண்டு. நாம் உணர முடியாத அளவுக்கு மெல்லிய விசை. கெப்ளரை ஒரு குறிப்பிட்ட கோணத்தில் திருப்பி வைத்தால், அந்த விசை இரு பக்கமும் சமமாக விழும். தராசு போலக் கலம் நிலைத்து நிற்கும். மீதி இரண்டு சக்கரங்களும் அவ்வப்போது கொஞ்சம் எரிபொருளும் இருந்தால் போதும். ஒடிந்த காலுக்கு ஊன்றுகோல் ஆயிற்று சூரிய ஒளி!

2014-ம் ஆண்டில் கெப்ளர் மறுபிறவி எடுத்தது. இப்போது பழைய இடத்தை அதனால் பார்க்க முடியாது. வானத்தில் ஓர் இடத்தைச் சுமார் 80 நாள் பார்க்கும். பிறகு வேறு இடத்துக்குத் திரும்பும். இந்த நொண்டி நடையிலேயே இன்னும் நான்கு ஆண்டுகள் உழைத்து, நூற்றுக்கணக்கான புதிய கிரகங்களைக் கண்டுபிடித்தது!

கணக்கு என்ன சொல்கிறது?

2018-ம் ஆண்டு அக்டோபர் 30-ந் தேதி, "கெப்ளரில் எரிபொருள் தீர்ந்துவிட்டது" என்று நாசா அறிவித்தது. ஒன்பதரை ஆண்டுக் காலத்தில் அது செலவிட்ட எரிபொருள் எவ்வளவு தெரியுமா? சுமார் 12 லிட்டர். ஒரு குடம் அளவுதான்!

அந்த ஒரு குடம் எரிபொருளில் அது 5 லட்சத்து 30 ஆயிரம் நட்சத்திரங்களைப் பார்த்தது. அன்றுவரை அது கண்டு, உறுதி செய்யப்பட்ட கிரகங்கள் 2,662. அதன் பிறகும், அது சேர்த்துவைத்த கணக்கில் இருந்து புதிய கிரகங்கள் வந்துகொண்டே இருந்தன.

இவற்றைவிடப் பெரியது, அது சொன்ன ஓர் உண்மை.

வானத்தில் நட்சத்திரங்களைவிடக் கிரகங்களே அதிகம்!

அண்ணாந்து பார்க்கும்போது தெரியும் ஒவ்வொரு புள்ளிக்கும், சராசரியாக ஒரு கிரகத்துக்கு மேல் உண்டு. நம் சூரியன் ஒன்றும் தனிப்பட்ட பேறு பெற்றது அல்ல. பூமிக்கும் நெப்டியூனுக்கும் இடைப்பட்ட அளவில், நம் சூரியக் குடும்பத்தில் ஒரு கிரகம்கூட இல்லை. ஆனால் வெளியே மிக அதிகமாக இருப்பது அந்த அளவுக் கிரகங்கள்தான்!

பூமி போன்றவை எத்தனை? வானத்தில் தெரியும் நட்சத்திரங்களில் நூற்றுக்கு 20 முதல் 50 வரையிலானவற்றுக்கு, பூமி அளவில், தண்ணீர் இருக்கக்கூடிய தூரத்தில், சிறு கிரகம் இருக்கலாம் என்று கெப்ளரின் கணக்கைக்கொண்டு 2018-ம் ஆண்டில் மதிப்பிட்டார்கள். "இருக்கலாம்" என்பது மதிப்பீடுதான். ஆனால் போரக்கி தம் கட்டுரையை எழுதிய நாளில், அப்படி ஒரு மதிப்பீடு சொல்லவும் ஆதாரம் இல்லை.

அடுத்த காவலர்கள்

கெப்ளர் ஓய்வதற்கு ஆறு மாதம் முன்பே, 2018-ம் ஆண்டு ஏப்ரல் 18-ந் தேதி, "டெஸ்" என்னும் புதிய டெலஸ்கோப் விண்வெளிக்குப் போய்விட்டது. அதற்கு நான்கு காமிராக்கள். அது நமக்கு அருகில் உள்ள, பிரகாசமான நட்சத்திரங்களைத் தேடுகிறது. அருகில் இருந்தால்தானே அடுத்த கேள்வியைக் கேட்கலாம்? "அங்கே காற்று உண்டா?" என்பதுதான் அந்தக் கேள்வி.

அந்தக் கேள்விக்கு விடை தேடுகிறது, 2021-ம் ஆண்டு டிசம்பர் 25-ந் தேதி புறப்பட்ட "ஜேம்ஸ் வெப்" டெலஸ்கோப். 2022-ம் ஆண்டில், ஏறக்குறைய சனியின் எடை உள்ள ஒரு தூரத்துக் கிரகத்தின் காற்றில் கரியமில வாயு இருப்பதை அது கண்டது.

இப்படிப் பல கருவிகளாலும் பல வழிகளாலும் கண்டுபிடித்த வேற்றுக் கிரகங்களின் எண்ணிக்கை, 2025-ம் ஆண்டு செப்டம்பரில் 6 ஆயிரத்தைத் தொட்டது.

கடைசி உத்தரவு

திட்டத்துக்குப் பெயர் கொடுத்த யோஹான்னஸ் கெப்ளரைப் பற்றியும் ஒரு வார்த்தை.

"1631-ம் ஆண்டு நவம்பரில் புதன் கிரகம் சூரியனுக்குக் குறுக்கே கடக்கும்" என்று அவர் முன்கூட்டியே கணக்கிட்டுச் சொன்னார். அதுவரை அதைப் பார்த்தவர் எவரும் இல்லை. அவர் சொன்னபடியே புதன் கடந்தது. பாரிஸ் நகரில் கஸாண்டி என்ற அறிஞர் அதைக் கண்டார். ஆனால் பார்க்க கெப்ளர் உயிரோடு இல்லை. ஓர் ஆண்டுக்கு முன், 1630-ம் ஆண்டு நவம்பர் 15-ந் தேதி அவர் இறந்துவிட்டார்.

நிழலைக் கணக்கிட்ட மனிதருக்கு அதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. அவர் பெயரைத் தாங்கிய கருவியோ, அதே வழியில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட உலகங்களைப் பார்த்துவிட்டது. நான்கு முறை தள்ளப்பட்ட போரக்கிக்கும் அதைக் கண்குளிரக் காணும் பாக்கியம் கிடைத்தது. 2015-ம் ஆண்டில் அவர் ஓய்வு பெற்றார்.

எரிபொருள் தீர்ந்த கெப்ளருக்கு, "உன் ரேடியோவையும் மற்ற கருவிகளையும் நிறுத்திவிடு" என்ற கடைசி உத்தரவு பூமியில் இருந்து போயிற்று. அது போன நாள், 2018-ம் ஆண்டு நவம்பர் 15. யாரும் திட்டமிட்டது அல்ல, தற்செயலாக அமைந்தது. ஆனால் அன்றுதான் யோஹான்னஸ் கெப்ளர் இறந்த 388-வது ஆண்டு நினைவு நாள்!

அப்போது பூமியில் இருந்து 9 கோடியே 40 லட்சம் மைல் தூரத்தில் இருந்தது கலம். ஏறக்குறைய சூரியன் இருக்கும் தூரம். கண் மூடினாலும் அது விழுந்துவிடவில்லை. ஒரு சிறு கிரகத்தைப் போல, அது இன்றும் சூரியனைச் சுற்றிக்கொண்டிருக்கிறது!